எருவோடு வயலுக்கு வரும் மருந்து

1943 அக்டோபர் 19 அன்று, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் வேளாண் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர் ஒரு புதிய மருந்தை அடையாளம் கண்டார். காசநோய்க்கு எதிராக முதலில் பலித்த ஆன்டிபயாடிக் அது: ஸ்ட்ரெப்டோமைசின். அதைச் சுரக்கும் நுண்ணுயிரில் இரண்டு வகைகள் அவர் கையில் இருந்தன. ஒன்று நன்றாக எருவிட்ட வயல் மண்ணிலிருந்து வந்தது. இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்தது. எரு, வயல், கோழி. அடுத்த எண்பது ஆண்டுகளில் ஆன்டிபயாடிக் மருந்துகளின் வரலாறு திரும்பத் திரும்ப வந்து நின்ற இடங்கள் இவைதான்.

ஷாட்ஸின் ஆசிரியர் செல்மன் வாக்ஸ்மன் மருத்துவர் அல்லர். மண்ணில் இலைதழை எப்படி மட்குகிறது, அதில் எந்த நுண்ணுயிர் என்ன வேலை செய்கிறது என்று ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். காசநோய்க் கிருமி மண்ணுக்குள் போனால் அழிந்துவிடுகிறதே, எப்படி என்று பார்த்துச் சொல்லும்படி 1932-இல் அமெரிக்கக் காசநோய் ஒழிப்புச் சங்கம் அவரைத்தான் கேட்டது. அவரிடம் பயின்ற ரெனே டூபோ 1939-இல் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து டைரோத்ரிசின் என்ற கிருமிக்கொல்லியைப் பிரித்துக் காட்டினார். ஸ்ட்ரெப்டோமைசினுக்கான நோபல் பரிசு 1952-இல் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. அதற்கு முன்பே ஷாட்ஸ் வழக்குத் தொடுத்து, கண்டுபிடிப்பில் தனக்கும் பங்கு உண்டு என்பதை 1950-இல் ஒப்புக்கொள்ள வைத்திருந்தார்.

அதன் பிறகு மருந்து நிறுவனங்கள் உலகம் முழுவதும் மண் அள்ளின. வெனிசுவேலாவின் கராகஸ் அருகே எடுத்த மண் குளோராம்பெனிக்காலைத் தந்தது. பிலிப்பைன்ஸில் இலோய்லோ மண்ணிலிருந்து எரித்ரோமைசின், போர்னியோவிலிருந்து ஒரு பாதிரியார் அனுப்பிய மண்ணிலிருந்து வான்கோமைசின், பிரான்சின் தென்கடற்கரைப் பைன் காட்டு மண்ணிலிருந்து ரிஃபாமைசின். மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்போர்ன் வயல் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து, 1948-இல் பெஞ்சமின் டக்கர் ஆரியோமைசினை அறிவித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்து அது. டக்கர் பணியாற்றிய லெடர்லி ஆய்வகத்தை அப்போது நடத்திவந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சென்னையின் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அந்த மருந்து வெளியுலகுக்கு வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். பிற்பாடு அது எங்கெங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்க அவர் இல்லை.

மண்ணுக்கு இந்தப் பொருள்கள் புதியவை அல்ல. சூடானின் நூபியப் பகுதியில் கி.பி. 350-க்கும் 550-க்கும் இடையில் வாழ்ந்தவர்களின் எலும்புகளில் டெட்ராசைக்ளின் படிந்திருப்பதை 1980-இல் கண்டார்கள். தானியத்தில் தொற்றிய மண் நுண்ணுயிர் அவர்கள் குடித்த பியரில் வளர்ந்து, அந்த மருந்தைச் சுரந்திருக்கிறது. மருந்தைத் தாங்கி நிற்கும் திறனும் அதே அளவுக்குப் பழையது. கனடாவின் யூக்கானில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலிருந்து டெட்ராசைக்ளினுக்கும் பென்சிலின் வகைக்கும் வான்கோமைசினுக்கும் எதிரான மரபணுக்களை எடுத்து, அந்த ஆய்வை 2011-இல் வெளியிட்டார்கள். நஞ்சைச் சுரக்கும் உயிர் தன்னைக் காத்துக்கொள்ளவும் வேண்டும், அதன் பக்கத்தில் வாழ்வதும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆகவே கொல்லியும் கேடயமும் ஒரே மண்ணில் சேர்ந்தே வளர்ந்தன.

இந்த உண்மையை வைத்துக்கொண்டு, "எதிர்ப்புத்திறன் இயற்கையில் இருப்பதுதானே, மாட்டுக்கும் கோழிக்கும் மருந்து கொடுப்பதால் புதிதாக என்ன கெட்டுவிடப்போகிறது?" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருப்பதும் பெருகுவதும் ஒன்றல்ல. வேர் ஓரத்தில் ஒரு மண்துகளைச் சுற்றி, மிகச் சொற்ப அளவில், சில மணி நேரம் இருந்து மறையும் பொருள் ஒன்று. டன் கணக்கில் ஆலையில் காய்ச்சி, விலங்கின் குடல் வழியாக, குடல் பாக்டீரியாக்களோடு சேர்த்து, பருவம் தவறாமல் வயலில் கொட்டப்படும் பொருள் வேறொன்று. நாம் மண்ணிடமிருந்து வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது சரிதான். வாங்கிய அளவிலும் வாங்கிய வடிவத்திலும் கொடுக்கவில்லை.

அந்த மாற்றம் தொடங்கிய இடத்தைக் காலம் குறித்துச் சொல்லலாம். லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளின் தீவனத்துக்கு மலிவான வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் காய்ச்சிய பின் மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்து பார்த்தபோது, வைட்டமினால் மட்டும் விளக்க முடியாத அளவுக்குக் குஞ்சுகள் எடை கூடின. சக்கையில் தங்கியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்று 1950-இல் அறிவித்தார்கள். 1951-இல் அமெரிக்க அரசு தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்க அனுமதி தந்தது. நோயே இல்லாத விலங்குக்கு, ஒவ்வொரு நாளும், நோயைத் தீர்க்கப் போதாத அளவில், தீவனத்தோடு மருந்து. கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்த இதைவிடப் பொருத்தமான முறையை யோசித்து உருவாக்குவதுகூடக் கடினம்.

விலங்கு உண்ட மருந்து முழுவதும் உடலில் கரைவதில்லை. டெட்ராசைக்ளின் போன்றவற்றில் பெரும்பங்கு உருமாறாமலேயே சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறுகிறது. சல்ஃபா மருந்துகள் சில, உடலுக்குள் ஓர் ஒட்டுப்பகுதி சேர்ந்து வேறு வடிவம் பெற்று வீரியம் இழந்துதான் வெளியே வருகின்றன. ஆனால் எருக்குழியில் கிடக்கும்போது அந்த ஒட்டுப்பகுதி கழன்று, பழைய மருந்தாகவே மீள்கின்றன. அங்கிருந்து வயல்.

"ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்" என்பது நம் விவசாயிகளின் அனுபவம். எது எப்போது பலன் தரும் என்பதில் எருவுக்கு எரு வித்தியாசம் உண்டு. எருவோடு வரும் மருந்துகளுக்கும் அப்படி ஆளுக்கொரு குணம், ஆளுக்கொரு ஆயுள்.

பென்சிலின் குடும்பத்தின் நாற்கோண வளையம் நீரிலேயே உடைந்துவிடும். மண்ணில் அது நாள் கணக்கில் காணாமல் போகிறது. டெட்ராசைக்ளின் அப்படியல்ல. கால்சியம், மெக்னீசியம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றைப் பாலமாகக் கொண்டு களித்துகளைப் பற்றிக்கொள்கிறது. மணல் பாங்கான நிலத்தில் பிடி தளர்வு, களி மிகுந்த நிலத்தில் இறுக்கம். வெயில் பட்டால் சிதையும். ஆனால் உழவு அதை வெயில் படாத ஆழத்துக்குத் தள்ளிவிடுகிறது. வடக்கு ஜெர்மனியில் பன்றிக் கழிவைத் தொடர்ந்து பாய்ச்சிய ஒரு வயலை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். மேல் 10 சென்டிமீட்டரில் கிலோவுக்குச் சராசரியாக 86 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின். அதற்கு அடுத்த 10 சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட 199. மேலே குறைவு, உள்ளே கூடுதல்.

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினலோன்கள் இன்னும் பிடிவாதமானவை. இவை முழுக்க முழுக்க மனிதன் ஆலையில் உருவாக்கியவை. மண் இவற்றை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கழிவுநீர்ச் சேற்றை உரமாகப் போட்ட சுவிட்சர்லாந்து வயல்களில் மாதக்கணக்கில் தங்கியிருந்தன. சல்ஃபா மருந்துகள் நேர் எதிர். மண் அவற்றைப் பிடித்துவைப்பதில்லை, அதிலும் காரத்தன்மை கூடிய மண்ணில் பிடி மிகக் குறைவு. மழையோடு இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டுவிடுகின்றன.

மண்ணைப் பற்றிக்கொண்ட மருந்து செயலற்றதுதானே என்று ஆறுதல் கொள்ள இடம் உண்டு. ஓரளவுக்கு அது உண்மையும்கூட: களியோடு இறுகிய டெட்ராசைக்ளின் கரைசலில் இருப்பதுபோல் வேலை செய்யாது. ஆனால் எவ்வளவு இருந்தால் போதும் என்ற கணக்கு 2011-இல் மாறியது. உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவைவிடப் பல நூறு மடங்கு குறைந்த அளவிலும்கூட, எதிர்ப்புத்திறன் உள்ளவை மற்றவற்றை முந்தி வளர்வதைக் காட்டினார்கள். சாக வேண்டியதில்லை, ஒரு சிறு பின்னடைவு போதும், தலைமுறை தலைமுறையாகப் போட்டியில் வேறொன்று வென்றுவிடும்.

மண்ணின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் சல்ஃபா மருந்தையும் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் இட்டுவந்தார்கள். பத்தாண்டு கழிந்தபோது அந்த மண் அவற்றை முன்பைவிட வேகமாகச் சிதைக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அங்கே மருந்தையே உணவாகத் தின்னும் பாக்டீரியாவும் வந்துவிட்டது. மண் கைகட்டி நிற்பதில்லை. அது நமக்கு உதவும் விதத்தில்தான் எப்போதும் செயல்படும் என்று நம்பத்தான் ஆதாரம் இல்லை.

1969-இல் பிரிட்டனில் மைக்கேல் ஸ்வான் தலைமையிலான குழு, மனிதருக்கான மருந்துகளைத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சுவீடன் 1986-இல் வளர்ச்சிக்காக மருந்து கொடுப்பதையே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அந்த நிலைக்கு வர 2006 ஜனவரி 1 ஆயிற்று. ஸ்வான் அறிக்கைக்கும் அதற்கும் இடையில் 36 ஆண்டுகள். இந்த நெடிய விவாதத்தில் பேசப்பட்டதெல்லாம் இறைச்சி, பால், முட்டை, மருத்துவமனை. மண்ணைப் பற்றிய பேச்சு மிகத் தாமதமாகத்தான் வந்தது.

சட்டம் மண்ணை எப்படித் தவறவிடுகிறது என்பதைப் பால் மாட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். மடிநோய்க்கு ஊசி போட்டால் இத்தனை நாளைக்குப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று மருத்துவர் சொல்வார். கறிக்கோழிக்கும் அறுப்புக்கு முன் மருந்தை நிறுத்த வேண்டிய நாட்கள் உண்டு. நல்ல விதி, தேவையான விதி. ஆனால் அந்த நாட்களில் என்ன நடக்கிறது? மருந்து விலங்கின் உடலைவிட்டு வெளியேறும்வரை காத்திருக்கிறோம். வெளியேறியது எங்கே போனது என்று விதி கேட்பதில்லை. கறியில் எச்சம் இல்லை என்று சான்றிதழ் வாங்கும் அதே நாளில், அந்த எச்சம் கொட்டகைத் தரையில் கிடக்கும் உமியிலும் கோழிக் கழிவிலும் கலந்து லாரி ஏறக் காத்திருக்கிறது. வாய்க்கு வருவதை அளந்து வயலுக்குப் போவதை அளக்காமல் விடுவது பாதிச் சட்டம்தான்.

அந்த மறுபாதியில் என்ன நடந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை; மண் சான்று இருக்கிறது. ஐரோப்பாவின் சில பழைய வேளாண் நிலையங்களில், ஒரே வயலின் மண்ணை ஆண்டுதோறும் எடுத்துக் காயவைத்துப் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. உர ஆராய்ச்சிக்காக எடுத்துவைத்தவை அவை. ஆன்டிபயாடிக் என்ற ஒன்று வரும் என்று அறியாத காலத்தவர்கள் எடுத்துவைத்தவையும் அவற்றில் இருக்கின்றன. நெதர்லாந்தின் ஐந்து இடங்களில் 1940 முதல் 2008 வரை சேர்த்த மண்ணை டேவிட் கிரகாம் குழுவினர் திறந்து பார்த்து, 2010-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான எதிர்ப்பு மரபணுக்கள் காலத்தோடு ஏறியிருந்தன. டெட்ராசைக்ளினுக்கு எதிரான சில மரபணுக்கள் 1970-களில் இருந்ததைவிட 15 மடங்குக்கும் மேல்.

டென்மார்க்கின் அஸ்கோவ் நிலையத்தில் கிடைத்தது இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. அங்கே 1894 முதல் தொழுவுரமிட்ட வயலும் ரசாயன உரமிட்ட வயலும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1923 முதல் 2010 வரையிலான மண்ணை ஒப்பிட்டார்கள். 1960-க்கு முன் இரண்டிலும் பென்சிலின் வகை மருந்துகளுக்கு எதிரான மரபணுக்கள் சொற்பம். அதன் பின் எருவிட்ட மண்ணில் அவை ஏறின. மருந்தோ நாள் கணக்கில் அழிந்துபோகும் பென்சிலின் வகை. எச்சத்தைத் தேடியிருந்தால் ஒன்றும் அகப்பட்டிருக்காது. மருந்து போய்விட்டது, அது வளர்த்துவிட்ட மரபணு எருவோடு வந்து தங்கிவிட்டது. எச்சத்தை மட்டும் அளந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியாது.

அதே ஆய்வின் இரண்டாவது செய்தி நம்பிக்கை தருகிறது. டென்மார்க் 1995-இல் அவோபார்சின் என்ற தீவன மருந்தைத் தடைசெய்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வளர்ச்சிக்கான மருந்துகளை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டது. அந்தக் கட்டுப்பாடுகள் வந்த காலத்தில் எருவிட்ட மண்ணில் அந்த மரபணுக்களின் அளவு இறங்கியது. தொழுவத்தில் எடுத்த முடிவு, மனிதர் ஒருவரின் பணிக்காலத்துக்குள் வயல் மண்ணில் தெரிந்தது. ஆனால் எல்லாம் இறங்கவில்லை. எதிர்ப்பு மரபணுக்களைக் கோத்துச் சுமந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல உதவும் இன்டெக்ரான் என்ற மரபணு அமைப்பு, 1990-க்குப் பிறகும் அந்த மண்ணில் ஏறிக்கொண்டே போனது. மருந்தை நிறுத்தினாலும் தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் தொடரும்போது, உலோகத்தைத் தாங்கும் மரபணுவோடு மருந்தைத் தாங்கும் மரபணுவும் ஒரே கட்டாகப் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஐரோப்பா 2022-இல் பன்றிக்குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே மருந்து வயலுக்குப் போக எருக்குழி ஒன்றே வழி அல்ல. ஐதராபாத் அருகே பதான்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஆராய்ந்து, சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007-இல் எழுதினார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். மருந்து சாப்பிட்டவரின் ரத்தத்தில் இருக்கும் அளவைக்கூட அது மிஞ்சியது. சுத்திகரித்த பின் இந்த நிலை. அந்த நீர் அப்போது போய்ச் சேர்ந்தது மஞ்சீராவிலும் கோதாவரியிலும். சுற்றுவட்டார மண்ணிலும் அந்த மருந்துகளைப் பிற்பாடு கண்டார்கள். 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வகுத்து ஒரு வரைவு வெளியிட்டது. உலகத்துக்கே முன்மாதிரியாகி இருக்கக்கூடிய வரைவு. 2021-இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. அவற்றை நீக்கியது பெரும் பிழை, திரும்பக் கொண்டுவரப்பட வேண்டும்.

நேரடியாகப் பயிரில் தெளிப்பது இன்னொரு வழி. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சைச் சொறிநோய்க்கும் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூளைத் தெளிப்பது தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பழகிய ஒன்று. காப்பர் ஆக்ஸிகுளோரைடோடு கலந்து அடிப்பதும் வழக்கம்; மருந்தும் செம்பும் ஒரே கைத்தெளிப்பானில். காசநோயாளிகளைக் காப்பாற்றிய முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அதை வயலில் தடைசெய்ய 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. கோலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் தடைசெய்ததும் நல்ல முடிவு. இவையெல்லாம் மருந்து புறப்படும் இடத்தில் போடும் தடைகள், அதனாலேயே பயன் உள்ளவை. மண்ணில் கலந்த பின் வடிகட்ட வழி கிடையாது.

எரு வேண்டாம் என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. கிடை போட்டும் தொழுவுரம் இட்டும் வளமாக்கிய நிலங்கள் நம்முடையவை. ரசாயன உரத்தால் சோர்ந்த மண்ணுக்கு மறுபடி எருவைத்தான் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். நாமக்கல் பண்ணைகளின் கோழி எரு தோட்டங்களுக்கும் தோப்புகளுக்கும் லாரி லாரியாகப் போகிறது. தழைச்சத்து மிகுந்த நல்ல உரம். அது மட்கி வர அவகாசம் கொடுத்தால் டெட்ராசைக்ளின் போன்றவை கணிசமாகக் குறைகின்றன. காற்றோட்டத்தோடு கிளறிவிட்டு, குவியலின் உள்சூடு ஏறி இறங்கும்வரை விட்டுவைத்த எருவுக்கும், கொட்டகையிலிருந்து அப்படியே வயலில் இறக்கிய எருவுக்கும் பெரிய வித்தியாசம். ஃப்ளூரோகுயினலோன்கள் மட்கும்போதும் அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே கோழிக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதை எரு வாங்கும் விவசாயி அறிந்திருக்க வேண்டும். கறி வாங்குகிறவருக்கு விதி தரும் பாதுகாப்பு, எரு வாங்குகிறவருக்கும் வேண்டும்.

கோயம்புத்தூரில், இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உள்ள இடத்தில், 1909-இல் நிரந்தர எருச் சோதனை வயல் தொடங்கப்பட்டது. 1925-இல் இரண்டாவது வயல். தொழுவுரம் இட்ட பாத்தி, ரசாயன உரமிட்ட பாத்தி, எதுவும் இடாத பாத்தி என்று நூறாண்டுக்கும் மேலாகத் தொடர்கிறது. உலகில் இப்படி நீண்ட வயல்கள் சிலவே உள்ளன, வெப்ப நாடுகளில் இன்னும் அரிது. அஸ்கோவ் மண் சொன்னது குளிர்நாட்டுக் கதை. இங்கே வெயிலும் வெப்பமும் மழையின் வேகமும் வேறு, மருந்துகளின் ஆயுளும் வேறாக இருக்கும். அந்த வயல்களில் எச்சத்தையும் எதிர்ப்பு மரபணுவையும் சேர்த்து ஆண்டுதோறும் அளந்து, அதே அளவீட்டை நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழி எரு இடும் தோட்டங்களிலும் செய்து, முடிவுகளைப் பொதுவில் வைக்கும்படி மாநில அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும். முதல் மாதிரிகளை ஆடிப்பட்டத்துக்கு எரு இறைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.